மருமகனுக்கு நான் தகப்பனாக முடியுமா?

கேள்வி:

எனக்கு 41 வயது. ஹெந்தளையில் இருக்கிறேன், முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். என் அக்கா குடும்பம் முகத்துவாரத்தில். முன்பு தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான வரிசைக் குடியிருப்பில் இருந்தார்கள். இப்போது நகர அபிவிருத்தி அதிகார சபை கொடுத்த மாடி வீட்டில், ஒன்பதாவது தட்டில். அத்தான் போதைப்பொருள் வழக்கில் மூன்று வருடங்களாகச் சிறையில் இருக்கிறார். அக்கா கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறார். விடிய ஐந்தரைக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவார். மகனுக்கு 15 வயது, தரம் 10. மகளுக்கு 8 வயது. அவளிடம் அப்பா கட்டாரில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். அவள் கேட்டால், "அப்பா நேற்று இரவு பேசினார், நீ தூங்கிவிட்டாய்" என்று சமாளிப்பது மருமகன்தான். அவன் இதுவரை ஒரு தடவைகூடத் தகப்பனைப் பார்க்கச் சிறைக்குப் போகவில்லை.

ஆறு மாதமாக அந்த இடத்து ஆள் ஒருவனோடு திரிகிறான். முப்பது வயதிருக்கும். எல்லோரும் "அண்ணன்" என்றுதான் சொல்கிறார்கள். புதுக் கைத்தொலைபேசி, புதுச் சப்பாத்து எல்லாம் அவன் வாங்கிக் கொடுத்தவை. போன மாதம் வீட்டு மின்சாரக் கட்டணத்தையும் மருமகனே கட்டியிருக்கிறான். ஏதோ பார்சல் கொண்டுபோய்க் கொடுத்ததைக் கண்டதாகப் பக்கத்து வீட்டு நானா என்னிடம் சொன்னார். ஆத்திரத்தில், "அப்பனைப் போல நீயும் உள்ளே போகப் போகிறாயா?" என்று கத்தி, பெல்ட்டால் அடித்துவிட்டேன். "நீங்கள் என்ன என் அப்பாவா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அவனை ஹட்டனில் மனைவியின் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அந்த ஆளை நேரில் கண்டு பேசலாமா? தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் தகப்பனாக முடியுமா? எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அவனை எங்கள் வீட்டில் வைத்திருக்க மனைவிக்கு விருப்பமில்லை.

இன்னொன்று. அடித்ததற்கு அடுத்த வாரம் போனபோது, நான் அக்காவோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கீழே இறங்கிப் போய் என் வண்டியின் கண்ணாடிகளைத் துடைத்து வைத்திருக்கிறான். யாரும் சொல்லவில்லை. இவனை எப்படிப் புரிந்துகொள்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஹெந்தளை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது "அப்படியே நின்றான்" என்ற இரண்டு சொற்களை. வடகொழும்புப் பாடசாலைகளில் இருபத்திரண்டு வருடங்களாகப் பிள்ளைகளோடு பேசி வருகிறேன். வெறுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை, கேட்ட கையோடு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விடும். இவன் நின்றிருக்கிறான். அதோடு, தகப்பனை அந்தச் சண்டைக்குள் முதலில் இழுத்து வந்தவர் நீங்கள். "அப்பனைப் போல" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவன் "அப்பாவா" என்று கேட்டான். பெல்ட்டின் தடம் ஒரு வாரத்தில் போயிருக்கும். அந்த வசனம் போயிருக்காது. சிறையில் இருக்கும் தகப்பனின் பிள்ளைக்கு இரவில் தனியே கிடக்கும்போது வருகிற பயமே அதுதான்: நானும் அப்படித்தான் ஆவேனா? அதை மாமாவும் நம்புகிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இதற்காக உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. ஹெந்தளையிலிருந்து பாலம் தாண்டி வந்து விசாரிக்கிற மாமன்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வசனத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டும், வாயால். "அன்று அப்பாவை இழுத்துப் பேசியது பிழை. அடித்ததும் பிழை" என்று இரண்டே வசனம். காரணம் சொல்ல வேண்டாம், "நீ மட்டும் என்ன" என்று தொடர வேண்டாம். பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. நான் கண்டது வேறு. அவன் திரியும் உலகத்தில் பெரியவன் எவனும் சின்னவனிடம் பிழையை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே அது பலவீனம். அதைப் பயமில்லாமல் செய்கிற ஒரு ஆண்பிள்ளையை அவன் பார்ப்பது இதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். "தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது, நீங்கள் போய் உட்காரலாமா என்று கேட்கிறீர்கள். அது வெறுமையாக இல்லை, தம்பி. ஆறு மாதமாக அதில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

கொழும்பில் இந்த ஆளுக்கு மூன்று மொழியிலும் பெயர் உண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவன் அண்ணன், முஸ்லிம் வீடுகளில் நானா, சிங்கள வீடுகளில் அய்யா. சிங்களத்தில் அய்யா என்றால் மூத்த சகோதரன். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் தகப்பனையே ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒலிக்குள் அண்ணனும் தகப்பனும் இருப்பதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். நான் சந்தித்த பையன்கள் பலருக்கு அந்த ஆள் இரண்டுமாகத்தான் இருந்தான்.

அவன் என்ன கொடுக்கிறான் என்று பாருங்கள். கைத்தொலைபேசியையும் சப்பாத்தையும் விடுங்கள், அவை தூண்டிலின் நுனியில் இருக்கிற புழு. பிற்பகல் இரண்டு மணிக்கு மருமகன் பாடசாலை விட்டு வரும்போது அந்த ஆள் அங்கே இருக்கிறான். அக்கா ஏழு மணிக்குத்தான் வருகிறார். நடுவில் ஐந்து மணித்தியாலம். மாடி வீடு 400 சதுர அடி என்றால், வளர்ந்த பையன் ஒருவன் கால் நீட்டி உட்கார அதில் இடமில்லை. அவன் கீழேதான் இருப்பான். பழைய தோட்டத்தில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் ஆச்சிக்கு யார் பிள்ளை யாரோடு போகிறது என்று தெரியும், தெரிந்ததைச் சத்தமாகவும் சொல்வார். அதில் தொல்லையும் இருந்தது, மறுக்கவில்லை. மாடிக்கு வந்த பிறகு அந்த ஆச்சி ஒன்பதாவது தட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். லிப்ட் அடியும் படிக்கட்டும் யாருடைய பார்வையிலும் இல்லை. "அண்ணன்" அங்கேதான் நிற்கிறான், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறான். பதினைந்து வயதில் அந்தக் கேள்விக்கு என்ன விலை என்று நமக்கு மறந்துவிட்டது.

அடுத்தது, பாதுகாப்பு. பாடசாலைக்கோ டியூஷனுக்கோ போகிற வழியில் வேறு இடத்துப் பையன்கள் மறித்தால் யாருடைய பெயரைச் சொல்வது? "மாமா ஹெந்தளையில் ஓட்டோ ஓட்டுகிறார்" என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், வன்முறை நிறைந்த ஏழை அயல்களும் சேர்ந்த மூன்று அயல்களில், 60 பையன்களோடு பேசி ஆராய்ந்த சமூகவியலாளர் டேவிட் ஹார்டிங் இதைத்தான் கண்டார். அடிதடி மிகுந்த இடத்தில் பிள்ளைகள் தங்கள் தெருவை விட்டு வெளியே போகப் பயப்படுகிறார்கள். ஒரே தெருவில் அடைபடுவதால் தங்களைவிட வயதில் மூத்தவர்களோடு பழகுகிறார்கள். காவலுக்காகத் தேடிப் போன மூத்தவனே பிறகு எது வீரம், எது வெட்கம், பணம் எப்படி வரும், பெண்ணை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொடுக்கிற ஆசானாகவும் ஆகிவிடுகிறான். பொஸ்டனும் முகத்துவாரமும் வேறுதான். ஆனால் அதை வாசித்தபோது எனக்கு ஜம்பட்டா வீதியும் வாழைத்தோட்டமும்தான் கண்முன் வந்தன.

மூன்றாவது, அதுவே எல்லாவற்றிலும் கனமானது: அவன் இந்தப் பிள்ளையை நம்பி ஒரு வேலை கொடுக்கிறான். வேலை அழுக்கானது, ஆபத்தானது. ஆனாலும், "இதை உன்னால்தான் செய்ய முடியும்" என்று ஒரு பெரியவன் சொல்லும்போது பிள்ளையின் முதுகு நிமிர்கிறது. பாடசாலையில் அவனை அப்படி யாரும் நம்பவில்லை. வீட்டிலோ, யோசித்துப் பாருங்கள், ஒரு பொய்யைத்தான் நம்பி ஒப்படைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கட்டார்ப் பொய்யில் கொஞ்சம் நிற்க வேண்டும். எட்டு வயதுத் தங்கைக்கு இல்லாத தொலைபேசி அழைப்பை இட்டுக்கட்டிச் சொல்வது யார்? தகப்பனின் குரலுக்கு வசனம் எழுதுவது யார்? மின்சாரக் கட்டணம் கட்டியது யார்? உங்கள் அக்கா வீட்டில் தகப்பன் வேலையை ஏற்கெனவே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பதினைந்து வயது. அந்த வேலைக்கு அவனிடம் பணமில்லை, அதிகாரமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. பணம் கிடைக்கும் ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறான். நீங்கள் இதைக் கெட்டுப்போன பிள்ளையின் கதையாக எழுதியிருக்கிறீர்கள். வேறு எந்தக் குற்றம் சொன்னாலும், பொறுப்பில்லாதவன் என்று மட்டும் இவனைச் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் காரியம் மனம் சம்பந்தப்பட்டதே இல்லை. அந்த மின்சாரப் பட்டியலை நீங்கள் கையில் எடுங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தில், சமையல் வேலைச் சம்பளத்தோடு உங்கள் அக்கா எதைத்தான் சமாளிப்பார்? பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் மகனிடம் கேட்கவில்லை என்று ஊகிக்கிறேன். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்க வழியில்லை. அந்த மௌனத்துக்காக அக்காவைத் திட்டாதீர்கள். முழுத் தொகை உங்களால் முடியாவிட்டால் பாதி, மீதியை அக்கா. மருமகன் முன்னால் பெருமையாகச் செய்ய வேண்டாம், அவன் கட்டியதை மட்டம் தட்டவும் வேண்டாம். "போன மாதம் நீ கட்டியது எனக்குத் தெரியும். இனி அது பெரியவர்கள் பாடு" என்று சொல்லுங்கள். "அண்ணனின்" பணம் வீட்டுக்குள் எந்த ஓட்டையால் வருகிறதோ அந்த ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும். அதை அடைக்காமல் செய்யும் புத்திமதியெல்லாம் ஒழுகுகிற வாளியில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஹட்டன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கும் ஒரு பழைய தோல்வி உண்டு. பல வருடங்களுக்கு முன் இதே வயதுப் பையன் ஒருவனை மலையகத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னவள் நான்தான். ஏழு வாரத்தில் திரும்பி வந்துவிட்டான். அங்கே குளிர், தெரியாத பாடசாலை, "கொழும்பில் ஏதோ செய்துவிட்டு வந்தவன்" என்ற பார்வை. திரும்பி வரப் பஸ்ஸுக்குப் பணம் அனுப்பியது அவனுடைய "அண்ணன்". வீட்டார் விரட்டினார்கள், அவன் கூப்பிட்டான்: அந்தப் பையன் கணக்கு அப்படித்தான் போட்டான். அதற்குப் பிறகு அவனை அசைக்க முடியவில்லை. உயிருக்கு ஆபத்து, யாராவது தேடி வருகிறார்கள், கத்தியைக் காட்டினார்கள் என்ற நிலை வந்தால் அன்றிரவே அனுப்புங்கள், யோசிக்க வேண்டாம். அது இல்லாதபோது, இடம் மாற்றுவதைத் தண்டனையாகச் செய்யாதீர்கள். பாடசாலை விடுமுறையில், தங்கையையும் சேர்த்து, ஒரு வாரம் போய் வரட்டும். அவனாகவே இன்னும் சில நாள் இருக்கிறேன் என்று சொன்னால் அது வேறு கதை.

உங்கள் வீட்டில் வைத்திருக்க மனைவி தயங்குவதையும் நான் பிழை என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தயக்கம் இயல்பானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வருவதற்கும் குடியிருக்க வருவதற்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது. அதை மனைவியோடு பேசுங்கள், அவருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்.

அந்த ஆளை நேரில் காண வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் மரியாதையாகப் பேசினாலும் பிள்ளை அவனுக்கு முன்னால் காட்டிக்கொடுத்தவனாகிவிடுவான். அதட்டினால் உங்களுக்கும் ஆபத்து, அக்காவுக்கும் ஆபத்து. நீங்கள் இரவு பாலம் தாண்டி ஹெந்தளைக்கு வந்துவிடுவீர்கள், அவர்கள் அங்கேதான் தூங்க வேண்டும்.

பார்சல் விடயம் வேறு. அது குணப் பிரச்சினையாக இருக்கும்போதே சட்டப் பிரச்சினையும் ஆகிவிட்டது. போதைப்பொருள் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஐஸ் என்று சொல்லப்படும் போதைப்பொருளை 5 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்து குற்றவாளியானால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஹெரோயினுக்கு அந்த எல்லை 2 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனியே கிட்டத்தட்ட ஐந்து கிராம்தான். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது என்பது பார்சல் கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு மனப்பாடம். "இதை உன்னால்தான் செய்ய முடியும்" என்ற வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான், பையனுக்கு அது தெரியாது. பிள்ளையைக் கொண்டு போதைப்பொருள் கடத்துவிப்பது அனுப்பியவனுக்குத் தனிக் குற்றம் என்பதும் பையனுக்குத் தெரியாது. இரண்டையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் மிரட்டலாகச் சொன்னால் அவன் கேட்க மாட்டான். தகப்பனின் வழக்கைப் பற்றி அவன் எப்போதாவது கேட்கும்போது, சட்டம் என்ன சொல்கிறது என்ற பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். அவனே கூட்டிக் கழித்துக்கொள்வான்.

நீங்கள் தனியே சுமக்கவும் வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். கொழும்பு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அக்காவால் பகலில் போக முடியாது, நீங்கள் போய்வாருங்கள். பையன் பார்சல் கொண்டுபோவதோடு அதைப் பாவிக்கவும் தொடங்கியிருந்தால் நான் எழுதியது போதாது. இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் திரிவது, சாப்பாடு வேண்டாம் என்பது, கன்னம் ஒட்டிப் போவது, காரணமில்லாமல் பயந்து சந்தேகப்படுவது, இவற்றில் எதைக் கண்டாலும் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் வழி கேட்கலாம்.

இப்போது நீங்கள் தகப்பனாக முடியுமா என்பது. முடியாது. முயற்சிக்கவும் வேண்டாம். அவனுக்கு ஒரு தகப்பன் இருக்கிறார், சிறையில் இருக்கிறார். நீங்கள் அந்தக் கதிரையில் உட்காரப் பார்த்தால் அவன் தகப்பனுக்காக உங்களோடு சண்டை பிடிப்பான். "நான் உன் அப்பா இல்லை. நான் மாமா. அதனால்தான் வருகிறேன்" என்று, அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்லலாம். நம் வழக்கத்தில் தாய்மாமனுக்கென்று தனியே ஓர் இடம் இருக்கிறது. காது குத்த மடியில் வைத்திருப்பது முதல் கல்யாணம் வரை அந்த இடம் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்படுவதில்லை. ஆனால் சடங்குக்கு மட்டும் வருகிற மாமனைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பொருட்டாக எடுக்காது.

வாரத்தில் ஒரு நாளைத் தெரிவுசெய்யுங்கள். ஒரே நாள், ஒரே நேரம். நல்ல வாடகைச் சவாரி வந்தாலும் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். அதை எடுக்காமல் விட்டது அவனுக்குத் தெரிய வந்தால் இன்னும் நல்லது. ஒரு வருடத்துக்கு இதைச் செய்ய முடியுமா என்று முதலில் நேர்மையாக யோசியுங்கள். இப்படி ஏன் கேட்கிறேன் என்றால், அமெரிக்காவில் பெரியவர் ஒருவரையும் பிள்ளை ஒருவரையும் சோடி சேர்த்துப் பழகவிடும் திட்டத்தை ஜீன் குரொஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த சோடிகளில்தான் பிள்ளைகளிடம் அதிக முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த சோடிகளில் பிள்ளையின் சுயமதிப்பு முன்பிருந்ததையும்விடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே ஒருவர் போய்விட்ட பிள்ளையிடம் இன்னொருவர் வந்து போனால் என்ன ஆகும் என்று நமக்கு ஆராய்ச்சி இல்லாமலும் தெரியும்தான். ஆனாலும் நல்ல மனிதர்கள்தான் இந்தப் பிழையை அதிகம் செய்கிறார்கள். ஆடி மாதம் ஆர்வமாகத் தொடங்கி ஐப்பசியில் மழையைக் காரணம் சொல்லி நிறுத்துகிறார்கள். உங்களால் வாரம் ஒரு நாள் முடியாதென்றால் மாதம் இரண்டு நாள் என்று சொல்லுங்கள். சொன்னதைத் தவறவிடாதீர்கள்.

அந்த நேரத்தில் என்ன பேசுவது? பெரும்பாலும் எதுவும் வேண்டாம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்கும்போது வாய் திறக்காத பையன்கள், முன்னால் ஓட்டுகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவோ பேசுவார்கள். உங்கள் தொழில் உங்களுக்குத் தந்திருக்கிற வசதி இது, என்னைப் போன்றவர்களுக்குக் கதிரையும் மேசையும்தான். காக்கைத்தீவுக் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பிளேன்டீயும் மாலுபாணும் போதும். முதல் ஐந்தாறு வாரம் கிரிக்கெட்டைப் பற்றித்தான் பேசுவான், அல்லது ஒன்றும் பேச மாட்டான். "அண்ணன் என்ன சொன்னான்? எங்கே போனாய்?" என்று தோண்டாதீர்கள். சுவீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 703 பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்தார்கள். பிள்ளையின் நடமாட்டம் பெற்றோருக்கு எப்படித் தெரிய வருகிறது என்பதுதான் கேள்வி. கண்காணிப்பதாலும் துருவிக் கேட்பதாலும் தெரிய வந்தது கொஞ்சம். பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிய வந்ததுதான் அதிகம். உங்கள் வேலை அவன் வந்து சொல்லக்கூடிய ஆளாக இருப்பது. ஒருநாள் நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்வான். அப்போது வண்டியை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், "ம்" என்று மட்டும் சொல்ல முடியுமென்றால் அடுத்ததையும் சொல்வான்.

பிறகு ஒரு வேலை கொடுங்கள். பிளக் கழற்றித் துடைப்பது, ஒயில் மாற்றுவது, பிரேக் சரிபார்ப்பது. அவனை நம்பி, விட்டு விலகி நின்று, பிழையாகச் செய்தால் திரும்பச் செய்யவிட்டு. ஓட்டக் கொடுக்காதீர்கள், பதினெட்டு வயதாகட்டும். கை வேலையில் அவனுக்கு நாட்டம் இருப்பது தெரிந்தால், உங்களுக்குப் பழக்கமான கராஜ் பாஸ் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் பார்த்துப் பழகட்டும். சம்பள வேலையாக வேண்டாம், 2021க்குப் பிறகு பதினாறு வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பாடசாலைக் கல்வியும் பதினாறு வரை கட்டாயம். சாதாரண தரத்துக்குப் பிறகு மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இதையெல்லாம் இப்போதே அவனுக்குச் சொல்லி எதிர்காலத் திட்டம் தீட்ட வேண்டாம். பாஸ்மார் சிலரை எனக்குத் தெரியும். கிராண்ட்பாஸ் பக்கம் ஒருவர் இருந்தார், காது கொஞ்சம் மந்தம், வாய் மோசம். ஒரு பையன் ஸ்பனரை எறிந்துவிட்டுப் போனால் மறுநாள் அதே ஸ்பனரைக் கையில் கொடுத்து, "நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கு" என்பார். அவ்வளவுதான் அவருடைய உளவளத்துணை. நான் அனுப்பிய மூன்று பேரில் இரண்டு பேர் இன்று சொந்தக் கராஜ் வைத்திருக்கிறார்கள். மூன்றாமவனைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு வந்து சொன்ன அந்தப் பக்கத்து வீட்டு நானாவை மறந்துவிடாதீர்கள். ஒன்பதாவது தட்டில், பிறர் பிள்ளையைப் பார்த்து, பயத்தை மீறி மாமனைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். ராஜ் செட்டி என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடிப் பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2018இல் ஒன்றைக் காட்டினார்கள். வீடுகளில் கறுப்பினத் தகப்பன்மார் அதிகமாக இருக்கும் அயலில் வளர்ந்த கறுப்பினப் பையன்கள், தங்கள் சொந்தத் தகப்பன் வீட்டில் இல்லாதபோதும்கூட, பெரியவர்களானதும் மேலான நிலையில் இருந்தார்கள். ஏன் என்று அந்தத் தரவு சொல்லவில்லை, அது நம் நாடும் இல்லை. எனக்கு அந்த நானாதான் ஞாபகத்துக்கு வந்தார். அடுத்த தடவை போகும்போது அவர் வீட்டில் ஒரு தேநீர் குடியுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். மருமகனை வேவு பார்க்கச் சொல்லாதீர்கள். லிப்ட்டில் கண்டால், "தம்பி, சாப்பிட்டீர்களா?" என்று அவரும் கேட்கட்டும்.

சிறையில் இருப்பவரைப் பற்றியும் ஒரு சொல். மருமகன் பார்க்கப் போகாததை நீங்கள் கோபம் என்று நினைக்கலாம். வெட்கமாகவும் இருக்கலாம், அங்கே அழுதுவிடுவோமோ என்ற பயமாகவும் இருக்கலாம். "நான் வருகிற மாதம் அத்தானைப் பார்க்கப் போகிறேன். வருகிறாயா? வராவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்லவா?" என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், அடுத்த தடவையும் கேளுங்கள். அத்தானிடமும் ஒரு வேலை இருக்கிறது. "பார்சல் தூக்காதே, நான் தூக்கி என்ன ஆனேன் என்று பார்" என்று மகனுக்குச் சொல்ல உங்களைவிட, என்னைவிட அவருக்குத்தான் தகுதி. சில தகப்பன்மார் கம்பிக்குப் பின்னால் இருந்துகொண்டு அதைச் சொல்லியிருக்கிறார்கள். சிலரால் முடியாது, அவர்களே இன்னும் அந்த ஆட்களுக்குக் கட்டுப்பட்டிருப்பார்கள். அத்தான் எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகு மகனை அழைத்துப் போங்கள்.

தங்கைக்கு உண்மையை அக்காவும் நீங்களும் சேர்ந்து சொல்லிவிடுங்கள், விரைவில். அப்பா ஒரு பிழை செய்தார், நீதிமன்றம் தண்டனை கொடுத்திருக்கிறது, அது முடியும்வரை அவர் சிறையில் இருப்பார், உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எட்டு வயதுக்கு ஏற்ற அளவில். மாடிக் குடியிருப்பில் ஒரு பிள்ளை சண்டையில் அதைச் சொல்லிக் கேட்பதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது. சொல்லப் போவதை மருமகனிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். "இவ்வளவு நாள் தங்கச்சியை நீதான் பார்த்துக்கொண்டாய். இனி பொய் சொல்ல வேண்டியதில்லை" என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

கண்ணாடி துடைத்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் ஏதாவது சொன்னீர்களா, கவனிக்காததுபோல வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களா என்று எழுதவில்லை. சொல்லவில்லையென்றால் இந்த ஞாயிறு போகும்போது சொல்லுங்கள்: அன்று மழைக்குள் வத்தளை வரை பின்னால் வந்த வாகனமெல்லாம் தெளிவாகத் தெரிந்தது என்று.